செய்தி எங்கே முடிகிறது? சாட் நெறிமுறைகளைப் பாக்கெட் வழியே படிக்க ஒரு தொடக்கம்

காரைக்குடியில் கணினி வகுப்பு நடத்துகிறவனிடம் ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் புரோகிராமிங் பற்றி இருக்காது. "வீட்டு வைஃபையை மாடிக் குடித்தனக்காரருக்கும் கொடுத்திருக்கிறோம் தம்பி, நம் வாட்ஸ்அப்பை அவர் படித்துவிடுவாரா?" என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. சிங்கப்பூரில் ஒரு மகன், கோலாலம்பூரில் ஒரு மகள், தேவகோட்டையில் சம்பந்தி என்று குடும்பங்கள் பரவிக் கிடக்கும் வட்டாரம் இது. பங்காளிகளுக்கு ஒரு குழு, கோயிலுக்கு ஒரு குழு, கல்யாணத்துக்கு ஒரு குழு என்று எல்லாப் பேச்சும் கைப்பேசிக்குள் போய்விட்டது. கேட்கும் ஆச்சிமார்களுக்கு நான் சொல்லும் பதில் சுருக்கமானது: எழுதிய சொற்களைப் படிக்க முடியாது, எப்போது, எவ்வளவு பேசினீர்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். இந்தப் பதிலைத் தாங்களே சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல் சிறு துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு ஒரு பாக்கெட். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் சுமக்கும் சரக்கு வழக்கமாக 1500 பைட்டுக்கு (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) மேல் போகாது. அந்தப் பைட்டுகளில் எது அனுப்புநர் பெயர், எது செய்தி, எது வெறும் எண்ணிக்கை என்று இரு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட விதிகள்தான் நெறிமுறை. கடந்து போகும் பாக்கெட்டுகளை நகல் எடுத்து, அந்த விதிகளின்படி பிரித்துக் காட்டுவது பாக்கெட் பகுப்பாய்வுக் கருவியின் வேலை. விதி எழுதிக் கிடைத்தால் கருவியே பிரித்துவிடும். கிடைக்காதபோது பைட்டுகளை வெறித்துப் பார்த்து விதியைக் கண்டுபிடிப்பது நம் வேலை. சுவாரசியம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு கட்டுப்பாடு. உங்கள் கணினி, உங்கள் சர்வர், உங்கள் செய்தி என்ற வட்டத்துக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள். ஹோட்டல் வைஃபையிலோ கல்லூரி வலையமைப்பிலோ அனுமதியின்றி பிறர் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடியது; 66-ஆம் பிரிவில் மூன்றாண்டுவரை சிறை உண்டு. கற்றுக்கொள்வதற்கும் ஊரார் போக்குவரத்து தேவையில்லை. தன் கணினிக்குள் தானே இரண்டு பேராகப் பேசிக்கொண்டால் போதும்.

கருவிகளில் மூத்தது டிசிபிடம்ப். 1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்டது. இன்றும் கறுப்புத் திரையில் வரிவரியாகப் பாக்கெட்டைக் காட்டுகிறது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வயர்ஷார்க். ஜெரால்டு கோம்ப்ஸ் இதை 1998-இல் ஈதிரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-இல் அவர் வேலை மாறியபோது பெயரின் உரிமை பழைய நிறுவனத்திடம் தங்கிவிட்டதால் வயர்ஷார்க் ஆனது. இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் என்பிகேப் என்ற துணை மென்பொருளையும் அதுவே நிறுவிக்கொள்ளும்.

வயர்ஷார்க்கைத் திறந்தால் மேலே பாக்கெட்டுகளின் பட்டியல் ஓடும். ஒன்றைத் தொட்டால் கீழே அதன் விவரம் கிளைகிளையாக விரியும்; பக்கத்திலோ அடியிலோ அதே பாக்கெட்டின் பைட்டுகள் எண்களாகத் தெரியும். விவரத்தில் ஒரு வரியைச் சொடுக்கினால் பைட்டுப் பகுதியில் அதற்குரிய எண்கள் மட்டும் வண்ணம் மாறும். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த வண்ணமாற்றம் அதிகம் கற்றுத்தருகிறது என்பது என் எண்ணம். மாணவர்களை முதல் ஒரு மணி நேரம் வேறொன்றும் செய்யவிடாமல் சொடுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வேன்.

விரியும் கிளைகளின் வரிசை முதலில் குழப்பும். கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்கு அது எளிதில் பிடிபடும். தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என வாசலுக்கு நேர் வாசலாகக் கொல்லைவரை கண் போகும். ஆனால் நடந்து போக ஒவ்வொரு கட்டாகத்தான் தாண்ட வேண்டும். பாக்கெட்டில் முதல் கட்டு ஈதர்நெட் தலைப்பு, 14 பைட்: எந்த வன்பொருளிலிருந்து எந்த வன்பொருளுக்கு. அடுத்தது ஐபி, குறைந்தது 20 பைட்: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு. அதற்கடுத்தது டிசிபி, இதுவும் குறைந்தது 20 பைட்: எந்தப் போர்ட்டிலிருந்து (கணினிக்குள் எந்தச் செயலி என்று காட்டும் எண்) எந்தப் போர்ட்டுக்கு, எத்தனையாவது பைட்டிலிருந்து. இவற்றையெல்லாம் தாண்டிய பிறகுதான் யாரோ யாருக்கோ எழுதிய "சாப்பிட்டாயா?" வருகிறது. ஒரே கணினிக்குள் சோதித்தால் லினக்ஸில் முதல் கட்டில் வன்பொருள் முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகவே இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். பாக்கெட் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

இனி உண்மையான பாடம். சாட் நெறிமுறையைப் பிரிக்கப் புகுபவர் முதலில் தேட வேண்டியது செய்தியின் பொருளை அல்ல, அதன் எல்லையை: ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? டிசிபிக்கு செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசை குலையாத பைட்டுகளின் ஓட்டம் மட்டும். நீங்கள் வேகமாக அனுப்பிய இரண்டு செய்திகள் ஒரே பாக்கெட்டில் வந்து சேரலாம். நீளமான ஒரு செய்தி இரண்டு பாக்கெட்டுகளில் பிளந்து வரலாம். ஒரு பாக்கெட் என்றால் ஒரு செய்தி என்று நினைத்துக்கொண்டு தொடங்கும் மாணவர்கள் பாதி வழியில் தடுமாறுவது இதனால்தான். எல்லையைக் காட்டும் பொறுப்பு முழுக்க சாட் நெறிமுறையுடையது. அதை மூன்று விதமாகச் செய்யலாம்: முடிவில் ஒரு குறி வைக்கலாம், தொடக்கத்திலேயே நீளத்தைச் சொல்லிவிடலாம், திறந்ததை மூடச் சொல்லலாம். சாட் வரலாற்றில் மூன்றுக்கும் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

முடிவுக்குறி வைப்பது ஐஆர்சி. பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988-இல் உருவாக்கியது. 1993-இல் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக விதிகள் வெளிவந்தன. தொடக்கப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நெறிமுறை எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதைக் கையாலேயே பேசலாம். உங்கள் கணினியில் என்ஜிஐஆர்சிடி போன்ற சிறிய சர்வர் ஒன்றை நிறுவுங்கள். வயர்ஷார்க்கில், கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வழியான லூப்பேக் இடைமுகத்தைத் தேர்ந்து பதிவைத் தொடங்குங்கள். மேலே உள்ள ஃபில்டர் பட்டையில் டிசிபி, புள்ளி, போர்ட் என ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு சமக்குறி போட்டு, 6667 என்று கொடுத்தால் மற்ற இரைச்சல் மறையும். பிறகு நெட்கேட் என்ற கட்டளையால் 6667-ஆம் போர்ட்டில் இணைந்து, நிக் என்ற கட்டளையில் உங்கள் பெயர், யூசர் என்ற கட்டளையில் கணக்கு விவரம், ஜாயின் என்ற கட்டளையில் அறையின் பெயர் ஆகியவற்றைத் தட்டுங்கள். இன்னொரு சன்னலில் வேறு பெயரில் இன்னொருவராக நுழையுங்கள்.

இப்போது செய்தி. பிரிவ்எம்எஸ்ஜி என்ற கட்டளை, ஓர் இடைவெளி, அறையின் பெயர், ஓர் இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் நீங்கள் சொல்ல விரும்புவது. வரியின் முடிவில் விதிப்படி 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். ஒரு வரி இந்த இரண்டையும் சேர்த்து 512 பைட்டைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான் நெறிமுறை. பாக்கெட் எங்கே வெட்டுப்பட்டால் என்ன, 13, 10 வரும்வரை சேர்த்துக்கொண்டே போனால் ஒரு முழுச் செய்தி கிடைத்துவிடும். (நெட்கேட் வழக்கமாக 10 மட்டுமே அனுப்பும். விதிப்படி தவறுதான், ஆனால் பெரும்பாலான சர்வர்கள் பொறுத்துக்கொள்கின்றன. விதி ஒன்று, நடப்பு வேறொன்று என்பதைப் பாக்கெட்டில் கண்ணால் பார்க்கும் முதல் வாய்ப்பு இது.)

பட்டியலில் அந்தப் பாக்கெட்டை வலச் சொடுக்கு செய்து ஃபாலோ என்பதற்குள் டிசிபி ஸ்ட்ரீமைத் தேர்ந்தால், மொத்த உரையாடலும் ஒரே சன்னலில் இரண்டு நிறத்தில் வரும். கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நீங்கள் சர்வருக்கு அனுப்பிய வரியில் உங்கள் பெயர் இல்லை. சர்வர் மற்றவருக்கு அனுப்பிய வரியில்தான் முன்னால் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. இணைப்பு யாருடையது என்று சர்வருக்குத் தெரியும். அதனால் நீங்கள் சொல்லத் தேவையில்லை, பொய் சொல்லவும் முடியாது. ஒரே செய்தி இரண்டு பாக்கெட்டில் இரண்டு வடிவத்தில் இருப்பதைக் கவனிக்கப் பழகினால் சர்வர் என்ன செய்கிறது என்பது தானாக விளங்கும். இடையிடையே பிங், பாங் என்று இரண்டு வரிகள் போய் வருவதையும் பார்ப்பீர்கள். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்ற விசாரிப்பு அது. பின்னால் வரும் எல்லாச் சாட் நெறிமுறைகளிலும் இந்த விசாரிப்பு ஏதோ ஒரு வேடத்தில் இருக்கிறது.

இதே சோதனையைத் தமிழில் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினால் பைட்டுப் பகுதிக்குப் பக்கத்திலேயே எழுத்துகள் படிக்கும்படி தெரியும். "வணக்கம்" அனுப்பினால் அங்கே வெறும் புள்ளிகள்தான் வரக்கூடும். செய்தி கெட்டுவிட்டது என்று நினைக்கக்கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். வயர்ஷார்க் பதினாறடி எண்களில் காட்டும். இங்கே வழக்கமான எண்ணிலேயே சொல்கிறேன். வ என்பது 224 174 181. ண என்பது 224 174 163. க என்பது 224 174 149. மேலே வைக்கும் புள்ளிக்குத் தனிக் குறியீடு: 224 175 141. ம என்பது 224 174 174. கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் "வணக்கம்" இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு, ஆக 21 பைட். "கா" ஆறு பைட், "ஆ" மூன்றே பைட், "ஸ்ரீ" பன்னிரண்டு.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224 வருகிறது, அதையடுத்து 174 அல்லது 175 மட்டுமே வருகிறது என்றால், நெறிமுறை என்னவென்றே தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் தமிழ் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பைட்டுக் குவியலில் செய்திப் பகுதியைத் தேட நான் பயன்படுத்தும் விளக்கு இதுதான். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இந்த ஒழுங்கு கிடைக்காது. ஒரு தொல்லையும் உண்டு. 512 பைட் வரம்பில் ஆங்கிலக்காரருக்கு ஏறத்தாழ ஐந்நூறு எழுத்து. நமக்கு 170 குறியீட்டுக்கும் குறைவு. வரம்பைப் பார்க்கும் மென்பொருள் மூன்று பைட்டின் நடுவில் வெட்டிவிட்டால் கடைசி எழுத்து கேள்விக்குறிக் கட்டமாக வந்து நிற்கும்.

நீளத்தை முன்கூட்டிச் சொல்லும் வகைக்கு யாஹூ மெசஞ்சரை எடுத்துக்கொள்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் காரைக்குடி பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் மஞ்சள் முகங்கள் மறந்திருக்காது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச மணிக்கணக்குக் கட்டணம் கொடுத்து வந்தவர்கள் உண்டு. சேவை 2018 ஜூலை 17 அன்று நின்றுவிட்டது. ஆனால் வடிவம் பாடத்துக்கு ஏற்றது, வயர்ஷார்க்குக்கும் அதைப் பிரிக்கத் தெரியும்.

ஒவ்வொரு செய்திக்கும் 20 பைட் தலைப்பு. முதல் நான்கு பைட் ஒய், எம், எஸ், ஜி என்ற ஆங்கில எழுத்துகள். அடுத்த இரண்டு பதிப்பு எண். அதையடுத்த இரண்டு விற்பனையாளர் எண். பிறகு இரண்டு பைட்டில் நீளம்: 0, 75 என்றிருந்தால் தலைப்புக்குப் பின் 75 பைட், 1, 44 என்றிருந்தால் 256-ஓடு 44 சேர்த்து 300. அடுத்த இரண்டு பைட் எந்த வகைச் சேவை என்பது. சாதாரணச் செய்திக்கு 6. கடைசி எட்டு பைட் நிலையும் அமர்வு எண்ணும். தலைப்பு முடிந்ததும் எண்ணும் மதிப்புமாக ஜோடிகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 192, 128 என்ற இரண்டு பைட். 5 என்ற எண்ணுக்குப் பின் வருவது பெறுநர் பெயர். 14 என்ற எண்ணுக்குப் பின் வருவது செய்தி. மறையாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டுவது, எதுவும் கிடையாது.

அன்றைய பிரவுசிங் சென்டர் பலவற்றில் கணினிகளை இணைத்தது ஹப் என்ற மலிவான பெட்டி. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளுக்கும் அப்படியே அனுப்புவது அதன் இயல்பு. பக்கத்துக் கணினியில் ஒருவர் ஈதிரியலைத் திறந்து வைத்திருந்தால் அறையிலிருந்த அத்தனை பேரின் யாஹூ பேச்சும் அவர் திரையில் எழுத்து எழுத்தாக ஓடியிருக்கும். பின்னால் வந்த ஸ்விட்ச் உரிய துளைக்கு மட்டும் அனுப்புகிறது. அதனால் இன்று உங்கள் மடிக்கணினியில் பதிவைத் தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் போக்குவரத்து மட்டுமே தெரியும். வைஃபையில் கடவுச்சொல் இருந்தால் அதன் மறையாக்கமும் குறுக்கே நிற்கும்.

இப்படிப் பாக்கெட்டைப் பார்த்து விதியைக் கண்டுபிடிப்பது மாணவர் விளையாட்டு மட்டுமல்ல. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டபோது, அதிலிருந்தே ஏஓஎல் நிறுவனத்தின் சாட் பயனர்களோடும் பேச முடிந்தது. ஏஓஎல் சம்மதிக்கவில்லை, விதிகளையும் தரவில்லை. ஏஓஎல் செயலிக்கும் அதன் சர்வருக்கும் இடையே என்ன போகிறது என்று பாக்கெட்டைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் அதையே போலச் செய்திருந்தார்கள். ஏஓஎல் தடுத்தது, இவர்கள் மீண்டும் பார்த்து மாற்றினார்கள், அது மீண்டும் தடுத்தது. கடைசியில் ஏஓஎல் தன் செயலியிலேயே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தி, சர்வரிலிருந்து அனுப்பும் சிறு நிரலை அந்தச் செயலியில் ஓடவைத்து, உண்மையான செயலியா போலியா என்று சோதிக்கத் தொடங்கியது. அந்த ஓட்டையைப் போலி செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. தன் பயனர்களின் கணினியில் ஓட்டை இருப்பது தெரிந்தும் அதை அடைக்காமல் ஆயுதமாக்கியதை என்னால் கெட்டிக்காரத்தனம் என்று மெச்ச முடியவில்லை; ஆனால் கதை நல்ல கதை.

மூன்றாவது வகை எக்ஸ்எம்பிபி. ஜெரமி மில்லர் 1999-இல் ஜாபர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். 2004-இல் ஆர்எஃப்சி 3920 ஆகவும் 2011-இல் திருத்தப்பட்டு 6120 ஆகவும் விதிகள் வந்தன. கூகுள் டாக் இதில்தான் ஓடியது. வாட்ஸ்அப் இதன் மாற்றிய வடிவத்தில்தான் தொடங்கியது. போர்ட் 5222. இங்கே எல்லாம் எக்ஸ்எம்எல்: திறக்கும் குறிச்சொல் ஒன்று, மூடும் குறிச்சொல் ஒன்று. உள்ளே நுழையும்போது ஸ்ட்ரீம் என்ற குறிச்சொல் திறக்கிறது. வெளியேறும்போதுதான் அது மூடுகிறது. அதாவது நீங்கள் இணைப்பில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரே ஆவணம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குள் செய்திக்கு மெசேஜ், இருப்பைத் தெரிவிக்கப் பிரசன்ஸ், கேள்வி பதிலுக்கு ஐக்யூ என்று மூவகைத் துண்டுகள் மட்டுமே. நீளமும் சொல்லப்படவில்லை, முடிவுக்குறியும் இல்லை. மெசேஜ் மூடினால் செய்தி முடிந்தது. படிக்க எளிது, அளவில் பருமன். "சரி" என்ற மூன்று குறியீட்டுப் பதிலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பைட் உறை என்பது கைப்பேசியின் மின்கலத்துக்கு நல்லதல்ல. வாட்ஸ்அப் குறிச்சொற்களைச் சிறு எண்களாகச் சுருக்கிக்கொண்டதற்கு இதுவே காரணம்.

பிரசோடி என்ற சர்வரை உங்கள் கணினியில் நிறுவி, சோதனைக்காக மட்டும் மறையாக்கக் கட்டாயத்தை நீக்கிவிட்டு, இரண்டு பயனர்களாகப் பேசிப் பாருங்கள். செய்தி போவதற்கு முன்பே ஒரு துண்டு போவதைக் காண்பீர்கள். அதில் கம்போசிங் என்றிருக்கும். எதிராளி திரையில் "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று வருவது இதனால்தான். எழுதுவதை நிறுத்தினால் பாஸ்டு என்று இன்னொன்று. எழுதி, தயங்கி, அழித்து, அனுப்பாமலே விட்ட செய்திக்கும் பாக்கெட்டில் தடம் இருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டும்போது மட்டும் பின்வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அதே பதிவில் உள்நுழையும் இடத்தைப் பாருங்கள். பிளெயின் என்ற முறையில் நுழைந்திருந்தால், புரியாத எழுத்துக் கோவை ஒன்று, சில சமயம் கடைசியில் ஒரு சமக்குறியோடு, தெரியும். பேஸ்64. மறையாக்கம் போலத் தோற்றம் தரும் இது வெறும் எழுத்து மாற்றம். எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். திருப்பினால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பளிச்சென்று நிற்கும். ஏஓஎல் ஒரு காலத்தில் கடவுச்சொல்லை மாறாத ஒரு பைட்டு வரிசையோடு கலந்து அனுப்பியது. வரிசை தெரிந்த எவரும் பிரித்துவிடலாம். படிக்க முடியாததெல்லாம் பூட்டப்பட்டதல்ல. சாவி இல்லாமல் திருப்ப முடியுமா என்பதே சோதனை.

விதி எழுதிக் கிடைக்காத நெறிமுறையை எப்படி அணுகுவது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். "அ" என்று அனுப்புங்கள், பிறகு "அஅ", பிறகு "அஅஅ". மூன்று பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் மதிப்பு மும்மூன்றாக ஏறுகிறதோ அங்கே நீளம் இருக்கிறது. ஒரே செய்தியை இருமுறை அனுப்பினால், ஒன்று ஏறும் இடம் வரிசை எண். நான்கு பைட்டாக நின்று, கடிகாரத்தில் கடந்த நொடிகளின் அளவுக்கே ஏறுமானால் நேரம். பெறுநரை மட்டும் மாற்றினால் மாறுவது முகவரி. 31, 139 என்று ஒரு பகுதி தொடங்கினால் ஜிசிப் சுருக்கமாக இருக்கலாம், விரித்துப் பாருங்கள். ஒரே செய்தியை மறுபடி அனுப்பியும் ஒவ்வொரு பைட்டும் ஒழுங்கின்றி மாறினால் மறையாக்கம் என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தோடு நிறுத்துங்கள். போர்ட் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். ஐஆர்சி சர்வரை வழக்கமில்லாத ஒரு போர்ட்டில் ஓட்டினால் வயர்ஷார்க் அதை வெறும் டிசிபி என்றே காட்டும். டிகோட் ஆஸ் என்ற பட்டியலில் நாம் சொல்லிக்கொடுத்தால் பிரித்துக்காட்டும்.

இன்றைய கைப்பேசிச் செயலிகளில் நிறுத்தும் அந்த இடம் மிக விரைவில் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தை நிறைவுசெய்தது. சிக்னல் செயலியின் நெறிமுறைதான் அடிப்படை. செய்தி உங்கள் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டுப் பெறுநர் கைப்பேசியில்தான் திறக்கிறது. அந்தப் பூட்டிய பொருளைச் சர்வருக்குக் கொண்டுபோகும் பாதைக்கு நாய்ஸ் என்ற தனி மறையாக்கம் வேறு. இரண்டு பூட்டு. மாடிக் குடித்தனக்காரர் பாக்கெட்டைப் பிடித்தாலும் வெளிப்பூட்டையே திறக்க முடியாது. சர்வரை நடத்துபவருக்கும் உள்பூட்டுத் திறக்காது.

ஆனால் எல்லை தெரிகிறது. டிஎல்எஸ் என்ற பரவலான மறையாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 5 பைட் பூட்டாமல் வருகிறது: வகை ஒரு பைட், தகவல் என்றால் 23, பதிப்பு இரண்டு பைட், 3, 3, நீளம் இரண்டு பைட். அது யாஹூ காலத்தில் பார்த்த அதே நீளம்தான். பெறுபவர் எங்கே வெட்டுவது என்று தெரிந்துகொள்ள அது வேண்டும், அதனால் மறைக்க முடிவதில்லை. வழக்கமான மறையாக்கத்தில் பூட்டிய பொருள் பூட்டாத பொருளைவிட ஏறத்தாழ நிலையான அளவே பெருக்கிறது. குறுஞ்செய்தியும் நெடுஞ்செய்தியும் படமும் நீளத்தில் தனித்தனியாகத் தெரியும். சில செயலிகள் வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து நீளத்தை ஒரு குறித்த எண்ணின் மடங்குக்கு உயர்த்தி மழுப்புகின்றன. அது நல்ல வழக்கம். இதோடு எந்தச் சர்வர் முகவரி, எந்த நேரம், எவ்வளவு இடைவெளி என்பனவும் தெரியும். இணைப்பு தொடங்கும்போது சர்வர் பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியும் பல வீடுகளில் இன்னும் திறந்தபடியே போகிறது. குரல் அழைப்பு என்றால் சீரான இடைவெளியில் யுடிபி (டிசிபிக்கு மாற்றான அனுப்பும் முறை) பாக்கெட்டுகள் நிற்காமல் ஓடும். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

உங்கள் சொந்த டிஎல்எஸ் இணைப்பை மட்டும் திறந்து பார்க்க முறையான வழி ஒன்று இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற உலாவிகள், கேட்டுக்கொண்டால், அமர்வுச் சாவிகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற சூழல் மாறியில் (செயலிகள் தொடங்கும்போது பார்க்கும் அமைப்பு மதிப்பு) கோப்பின் பாதையைக் கொடுத்துவிட்டு உலாவியைத் திறக்க வேண்டும். அதே பாதையை வயர்ஷார்க்கின் டிஎல்எஸ் அமைப்பில் கொடுக்க வேண்டும். உலாவியில் ஓடும் உங்கள் சோதனைச் சாட் பக்கம் அப்போது பிரிந்து தெரியும். சர்வரின் தனிச்சாவியை வைத்தே திறக்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-க்கு அது பொருந்தாது. ஒவ்வொரு அமர்வுக்கும் அப்போதைக்கப்போது சாவி பிறந்து அழிகிறது.

பயிற்சி முடிந்ததும் அந்தச் சாவிக் கோப்பை அழித்துவிடுங்கள், சூழல் மாறியையும் நீக்குங்கள். விட்டுவைத்தால் பிறகு நீங்கள் பார்க்கும் வங்கிப் பக்கத்தின் சாவிகளும் அங்கே சேர்ந்துகொண்டே போகும். பிசிஏபி பதிவுக் கோப்பைச் சந்தேகம் கேட்க யாருக்கேனும் அனுப்புவதாக இருந்தால், முதலில் ஃபில்டர் போட்டு, தேவையான பாக்கெட்டுகளை மட்டும் ஃபைல் பட்டியலில் உள்ள எக்ஸ்போர்ட் ஸ்பெசிஃபைடு பாக்கெட்ஸ் வழியே தனிக் கோப்பாக எடுத்து அனுப்புங்கள். முழுக் கோப்பில் சாட் தவிர அந்த நேரத்தில் உங்கள் கணினி செய்த அத்தனையும் இருக்கும்.